பவுடர் டப்பா

ஹந்திகாவில் குளிர்காலத்தில் லாரியை யாரும் அணைப்பதில்லை.
நவம்பரில் முடுக்கினால்
மார்ச்சில்தான் சாவியைத் திருப்புவார்கள்.
நியுர்குன் அணைத்துவிட்டு வந்து நின்றான்
என் பட்டறைக்குள், தொப்பியைக் கழற்றாமல்.
"நூறு கிலோமீட்டருக்கு நாலு லிட்டர் ஆயில் குடிக்கிறது."
குடிக்கவில்லை, கக்குகிறது என்றேன்.
வந்த தடத்தைப் பார்:
பனியில் கறுப்புப் பொட்டு, பொட்டு, பொட்டு.

யாகுத்ஸ்கில் பின் சீலை இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்கள்.
கியர்பாக்ஸை இறக்கி, ஏற்றி,
இரண்டு தடவையும் காசு வாங்கி.
நனைந்து நிற்பவனைப் பிடித்து உள்ளே தள்ளுவது
போலீஸ்காரன் வேலை.
எண்ணெய் மேலே எங்கோ தப்பி, விளிம்போரம் நடந்து,
காற்று தள்ளிய பக்கம் சாய்ந்து,
சம்பந்தமே இல்லாத ஒரு போல்ட்டின் நுனியில்
வந்து தொங்கும்.
பழி ஓரிடம்.

டீசலும் பிரஷுமாக நாலு மணி நேரம் கழுவினேன்.
காய்ந்த எஞ்சினில் வெள்ளைத் தூள் தூவினால்
ஈரம் பிறக்கும் இடத்தை அது காட்டிக்கொடுக்கும்.
சுண்ணக்கட்டி தீர்ந்திருந்தது. கடை திங்கள்தான் திறக்கும்.
நியுர்குன் கேபினுக்குள் ஏறி
வெகுநேரம் இறங்கவில்லை.
இறங்கியபோது கையில் ஒரு டப்பா,
மூடியில் வாத்துப் படம்.
உஸ்த்-நேராவில் மகள். பன்னிரண்டு நாள்.
இன்னும் பார்க்கவில்லை.
"பாதி போதுமா?"

பதினோரு டன் மாவு இழுக்கும் எஞ்சினுக்கு
நான் பவுடர் போட்டேன்.
கழுத்து, கக்கம், தொடையிடுக்கு என்று.
கேஸ்கட் ஓரம், ஃபில்டர் அடி, சீல் மூடியின் மடிப்பு.
பட்டறை முழுக்கக் குளித்த குழந்தையின் வாசனை.
சர்கிலானா சிரித்த சிரிப்பில்
டார்ச் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

ஒரு மணி நேரம் ஓடவிட்டோம்.
வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.
இரண்டு மணி. ஒரு புள்ளி இல்லை.
"சரியாகிவிட்டதா?"
சரியாகும்படி நான் ஒன்றுமே செய்யவில்லையே.
பொய் சொல்லும் நோயாளியைச் சமாளிக்கலாம்;
டாக்டரைக் கண்டதும் தேறிவிடுகிறவனை என்ன செய்ய.

கதவைத் திற, வெளியே எடு என்றேன்.
மைனஸ் ஐம்பத்திரண்டு.
விட்ட மூச்சு உறைந்து காதோரம் சலசலத்தது.
நாற்பதாவது கிலோமீட்டரில் நிறுத்தி அடியில் தவழ்ந்தேன்.
பவுடரில் ஒரு கறுப்புக் கோடு,
இன்னும் நகர்ந்துகொண்டு.
சீலிலிருந்துதான்.
யாகுத்ஸ்க்காரர்கள் பார்த்தது பொய்யில்லை.
ஆனால் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினேனோ இல்லையோ
உஸ்ஸென்று கையை விட்டு எகிறியது.

மூச்சுக்குழாய் சட்டத்துக்குக் கீழே காற்றில் தொங்கியது.
நுனியில் கட்டைவிரல் தடிமனுக்கு மஞ்சள் பனிக்கட்டி.
தான் விட்ட ஆவியே அங்கே போய் உறைந்து
தன் வாயைத் தானே அடைத்திருக்கிறது.
போக வழியில்லாத மூச்சு
இருப்பதில் மெலிந்த இடத்தை நெட்டித் தள்ளும்,
புது சீல் என்ன, பழைய சீல் என்ன.
பட்டறைச் சூட்டில் பனி உருகும்.
கூடவே சாட்சியும்.

ஸ்க்ரூட்ரைவரால் குத்தி எடுத்தேன்.
குழாயை முழங்கை நீளத்துக்கு வெட்டி
எஞ்சின் உடம்போடு ஒட்ட மடக்கிக் கட்டி,
சர்கிலானாவின் கிழிந்த கம்பளி பூட்ஸிலிருந்து
ஒரு துண்டை அறுத்துச் சுற்றினேன்.
செலவு, ஒரு க்ளாம்ப்.
நியுர்குன் பர்ஸைத் திறந்தபடியே நின்றான்.
இரண்டு சீலுக்கும் கொடுத்ததை
மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தான் போல.
முகம் அப்படித்தான் இருந்தது.

நாலு நாள் கழித்துப் பேசினான்.
அளவுக்கம்பியில் எண்ணெய் அதே கோட்டில்.
மகள் ஓயாமல் அழுகிறாள், நல்ல தொண்டை.
பவுடர் பாதி இருக்கிறது;
வாத்தின் மேல் இந்தக் கறுப்புக் கைரேகை
யாருடையது என்று மனைவி கேட்கிறாளாம்.

என்னுடையது, சொல்லிவிடு என்றேன்.
கெரசினில் போகும்.
இல்லை, வேண்டாம்,
குழந்தை சாமான்.